ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்திற் புறத்தோற்றமும் அகச்சார்பும்

மனிதன் பிறர் முன்னிலையில் ஒருவனாகவும் தனிமையில் வேறொருவனாகவும் வாழ்வது புதுமையன்று. பிறர் மனத்திற் பதியும் தன் தோற்றத்தைத் தானே நெறிப்படுத்த முயலும் இவ்வியல்பைச் சமூகவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர் கனடாவிற் பிறந்த ஏர்விங் கொஃப்மன் (1922–1982) ஆவார். ஷெட்லாந்துத் தீவொன்றிலுள்ள விடுதியின் உணவு மண்டபத்திற் பணியாளர் காட்டிய முகமும், சமையலறையில் அவர்கள் காட்டிய முகமும் வேறுபட்டிருந்ததை அவர் அவதானித்தார். 1956இல் முதலில் வெளியாகி 1959இல் விரிவு பெற்ற அவரது நூல், சமூக வாழ்வை முன்மேடை, பின்மேடை என்னும் நாடக உவமையால் விளக்கிற்று.

கொஃப்மன் காட்டும் உதாரணங்களிற் பெரும்பாலானவை அன்றாட வாழ்வைச் சார்ந்தவை. அங்கு வேடம் கலைந்தால் நேர்வது பெரும்பாலும் நாணமே. ஆனால் வேடம் கலைந்தால் பதவியும் உரிமையும் பறிபோகும் நிலையில் ஒரு சமுதாயம் முழுவதும் எவ்வாறு நடந்துகொள்ளும்? இவ்வினாவுக்கு யாழ்ப்பாண வரலாறு தெளிவான விடையொன்றைத் தருகின்றது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். மக்கள் பெருந்தொகையாகக் கத்தோலிக்கராயினர். 1658இற் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தோர். எனவே நேற்றுவரை அரச சமயமாயிருந்த கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. ஒரு தலைமுறையே இருமுறை தன் புறச்சமயத்தை மாற்றவேண்டி நேர்ந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியிற் கோவிற்பற்றுத் தோறும் ஆலயமும் அதனோடு இணைந்த பாடசாலையும் இயங்கின. பிள்ளைகள் அங்கு கிறிஸ்தவ செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனனஞ் செய்தனர். உபாத்தியாயர் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிந்தார். அப்பதிவின்றேல் விவாகம் சட்டத்தின் முன் செல்லாது. பிள்ளைகளின் முதுச உரிமையும் கேள்விக்குள்ளாகும். அரச உத்தியோகம் பெறுவதற்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. எனவே தோம்பிலே பெயர் பதிதல் சமயச் செயல் மட்டுமன்று. குடியியல் வாழ்வின் நுழைவாயிலுமாகும்.

இந்நிலையில் முன்மேடையும் பின்மேடையும் வெவ்வேறாயின. அந்நியர் ஆட்சிக் காலத்திற் சைவர்கள் இரகசியமாக விரதம் அனுட்டித்து, உணவுண்ட வாழையிலையை வெளியே எறிந்தாற் காட்டிக்கொடுக்குமென அஞ்சிக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் செவிவழி மரபு. ஓர் எச்சில் இலைகூடச் சான்றாகிவிடும் என்ற அச்சத்தை இம்மரபு நன்கு உணர்த்துகின்றது. ஞாயிறன்று ஆலயத்திற் கேட்டதை எங்குச் சொல்லவேண்டும், வீட்டிற் கண்டதை எங்குச் சொல்லலாகாது என்பதைச் சிறுவரும் கற்றிருப்பர் எனக் கொள்ளுதல் தவறாகாது.

இந்நிலை சைவர்க்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கராகவே நிலைக்க விரும்பியோரும் தம் பற்றினை மறைத்து வாழ்ந்தனர். 1687இற் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்து, சில்லாலை முதலிய இடங்களில் மறைவாகப் பணியாற்றினார். 2015இற் கொழும்பிற் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்ட ஒருவரின் இலங்கைப் பணி மாறுவேடத்தோடு தொடங்கியமை கருதத்தக்கது.

இவ்வேடம் ஆட்சியாளர்க்குத் தெரியாதிருந்ததா? 1658 முதல் 1665 வரை இங்கு பணியாற்றிய பல்டேயஸ் பாதிரியார் குடாநாட்டில் 60,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவரைக் கணக்கிட்டார். பெயரளவிற் கிறிஸ்தவரானோர் பலர் என்பதை அவரும் அறியாதவரல்லர். பாதிரிமார் தொகை மிகச் சிறிது. அவருள் தமிழ் அறிந்தோர் தொகை அதனினும் சிறிது. ஆயினும் தோம்பிற் பெருகிய எண்ணிக்கை உபாத்தியாயருக்கும் பாதிரியாருக்கும் கும்பனிக்கும் பயனளித்தது. நடித்தோர் மட்டுமன்றிப் பார்த்தோரும் அந்நாடகம் கலையாதிருப்பதை விரும்பினர். காண்போரின் உடன்பாடின்றி எவ்வேடமும் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டிற் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734இல் மீள அமைத்தவர் தொன் யுவான் மாப்பாண முதலியார் எனவும், அவர் ஒல்லாந்த அரசிற் சிறாப்பர் பதவி வகித்தவர் எனவும் கோயில் வரலாறு கூறும். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஓர் உத்தியோகத்தர் முருகனுக்குக் கோயில் எடுத்தார் என்பதில் முன்மேடையும் பின்மேடையும் ஒரே மனிதரிற் சந்திக்கின்றன. 1795இற் குடாநாடு ஆங்கிலேயர் வசமானபின், பதவிக்குச் சமயத்தை நிபந்தனையாக்கும் முறை தளர்ந்தது. 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன், ஒல்லாந்தர் வளர்த்த திருச்சபை நலிந்திருப்பதைக் கண்டு வருந்தினார். காட்சிக்குக் காரணமாயிருந்த தேவை நீங்கவே காட்சியும் நீங்கிற்று.

எனினும் இருவேறு பிழைகளை இங்கு தவிர்த்தல் வேண்டும். தோம்பிற் பதிந்தோர் அனைவரும் நடித்தனர் எனல் ஒரு பிழை. உண்மையாகவே புதிய சமயத்தைத் தழுவியோரும் இருந்தனர். வேடமாகத் தொடங்கியது சிலருக்கு வாழ்வாகவே மாறியிருத்தலும் கூடும். நடித்தோர் அனைவரையும் பொய்யர் எனப் பழித்தல் மற்றப் பிழை. வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்திற் கடிவது, பிறர் நம்பிக்கையைப் பெற்று அதன் மறைவிற் தீமை செய்வோரையே. வலியோன் மெலியோனை ஏமாற்றப் புனையும் வேடமும், மெலியோன் தன் மனச்சாட்சியைக் காத்துக்கொள்ளப் புனையும் வேடமும் ஒன்றல்ல.

வரலாற்று மாணவர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. தோம்புகளும் அறிக்கைகளும் நமக்கு எஞ்சியிருப்பதனால் அவற்றையே சமுதாயத்தின் உள்ளமெனக் கொள்ளுதல் எளிது. ஆனால் ஏடுகள் பெரும்பாலும் முன்மேடையையே பதிவு செய்தன. கூரையிற் செருகிய இலைக்கு ஏட்டில் இடமில்லை. தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ளுமாறு மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர் என்பதை ஏடு கூறும். அவர்கள் யாராக வாழ்ந்தனர் என்பதை அறிய, செவிவழி மரபையும் கோயில் வரலாற்றையும், அதிகாரம் தளர்ந்தபோது மக்கள் செய்தவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.