போன வழியே திரும்பி வரும் எண்ணெய்

ஒரகடம் கார் ஆலைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட் ஞாபகம்தான் வரும். பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த அதே மனிதர். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளைப் பற்றி 1873-லேயே எழுதிவிட்டார். இலைப் படிவங்கள் பதிந்த களிப்பாறை அது.

ஏறக்குறைய அதே வயதுள்ள ஆண்டிமடம் அடுக்கு காவிரிப் படுகையின் ஆழத்தில் கிடக்கிறது. அதில் எண்ணெய் உண்டு. ஆனால் இறுகிய பாறை லேசில் விடாது.

இப்படி அடம்பிடிக்கும் எண்ணெய்க்கு ஒரு வழி 1959-ல் வெனிசுலாவில் தற்செயலாகக் கிடைத்தது. ஷெல் நிறுவனத்தார் குழம்பு போன எண்ணெய்க்கு நீராவி செலுத்தினார்கள். அழுத்தம் எகிறவே கிணற்றைத் திறந்துவிட்டார்கள். நீராவி போன வழியிலேயே எண்ணெய் வந்தது!

இறுகிய பாறைக்கு நீராவி இல்லை, எரிவாயு. அமெரிக்காவின் ஈகிள் ஃபோர்டு பாறையில் இ.ஓ.ஜி. நிறுவனம் இதைச் செய்வதாக 2016-ல் அறிவித்தது. வாயுவைச் செலுத்திக் கிணற்றை மூடி வைத்தால், அது எண்ணெயில் கரைந்து அதை உப்பவைக்கும், இளக்கும். திறந்தால் எண்ணெய் வரும். அப்புறம் மறுபடியும் அதே சுற்று.

நம் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளை 2020 சட்டம் தடுக்கிறது. 'பழைய கிணறுதானே?' என்று யாராவது கேட்கலாம். ஆனால் வாயு உள்ளே பரவ, முதலில் பாறையை நீரழுத்தத்தால் பிளந்திருக்க வேண்டும். விவசாயியின் கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.