நங்கூர யந்திரத்தின் பூர்வோத்தரம்

கப்பல்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பாயைப் பற்றியும் சுக்கானைப் பற்றியும் திசைகாட்டியைப் பற்றியும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தாலும், கடலடியிலிருந்து நங்கூரத்தை மேலே கொண்டுவரும் யந்திரத்தைப் பற்றிச் சில வரிகளோடு நின்றுவிடுவதே வழக்கம். நங்கூரம் கீழே விழுவதற்கு அதன் பாரமே போதும். அதை எழுப்புவதற்கோ, நங்கூரத்தின் எடையோடு, நீரில் தொங்கும் வடத்தின் எடையையும், அடிமண் அதைப் பற்றியிருக்கும் பிடியையும், காற்றிலும் நீரோட்டத்திலும் பின்வாங்கும் கப்பலின் இழுப்பையும் ஒருசேர வெல்ல வேண்டும். பாயை விரித்துப் புறப்படும் சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும், நங்கூரம் எழாத கப்பல் பிரயாணப்படுவதில்லை. 1618-இல் சிரச்சேதம் செய்யப்பட்ட ஆங்கிலப் பிரபு சர் வால்ட்டர் ராலே, தம் காலத்தில் கப்பல் தொழிலில் உண்டான அபிவிருத்திகளைக் கணக்கெடுத்தபோது, கேப்ஸ்டன் என்ற சாதனத்தால் நங்கூரத்தை எடுப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது, அந்தக் காரியத்தின் அருமையை நேரில் கண்டவர் என்பதனாலேதான்.

கேப்ஸ்டன் என்பது நிமிர்ந்து நிற்கும் அச்சில் சுழலும் உருளை. விண்ட்லஸ் என்பது படுக்கைவாட்டில் கிடக்கும் அச்சில் சுழலும் உருளை. போர்க்கப்பலில் ஆட்களுக்குக் குறைவில்லை; ஆகவே அங்கே கேப்ஸ்டன் நிலைபெற்றது. நம் ஊர்ச் செக்கைச் சுற்றி மாடு நடப்பதுபோல, அதன் தலையில் செருகிய நீண்ட மரக்கழிகளை நெஞ்சால் தள்ளிக்கொண்டு மாலுமிகள் வட்டமாக நடப்பார்கள். சொற்ப ஆட்களோடு ஓடும் வியாபாரக் கப்பல்களிலோ, முன்தளத்தில் குறுக்காகக் கிடந்த விண்ட்லஸின் துளைகளில் கடப்பாரை போன்ற கழிகளைச் செருகிச் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திருப்பினார்கள். இரண்டிலும் தடைப்பற்கள் இருந்தன; உருளை ஒரு படி முன்னேறியதும் பல் விழுந்து, பின்னால் திரும்பவொட்டாமல் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பல் நழுவினால் கழிகள் எதிர்த்திசையில் வெறிகொண்டு சுழன்று, எதிரில் நிற்பவர்களின் எலும்புகளை முறித்துவிடும்.

இந்த வேலை எத்தகையது என்பதை அறிய வேண்டுமானால், 1765-இல் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்டு, இப்போது போர்ட்ஸ்மத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் 'விக்டரி' என்னும் கப்பலை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதன் மிகப் பெரிய நங்கூரத்தின் எடை நான்கு டன்னுக்கு மேல். அதைத் தாங்கிய சணல் வடத்தின் சுற்றளவு 24 அங்குலம்; அதாவது, ஒரு மனிதனுடைய தொடையின் பருமன். அவ்வளவு தடித்த வடத்தைக் கேப்ஸ்டனில் சுற்றுவது அசாத்தியம். ஆகவே அக்காலத்து மாலுமிகள் ஓர் உபாயம் செய்தார்கள். மெலிந்த துணைவடம் ஒன்றை இரு முனைகளும் சேரும்படி இணைத்து, கேப்ஸ்டனையும் கப்பலின் முன்பகுதியான அணியத்தருகே இருந்த உருளைகளையும் சுற்றி ஓயாமல் ஓடும்படி அமைத்தார்கள். கடலிலிருந்து வரும் பெருவடத்தை அந்தத் துணைவடத்தோடு சேர்த்துச் சிறு கயிறுகளால் அங்கங்கே கட்டிவிடுவார்கள். கீழ்ப் பீரங்கித் தளத்திலும் நடுப் பீரங்கித் தளத்திலும் ஒரே அச்சில் அமைந்த இரு தலைகளை நூற்றுக்கு மேற்பட்டோர் தள்ளி நடக்க, துணைவடம் நகரும். அதோடு பெருவடமும் நகரும். கட்டுக்கயிறுகளின் முனைகளைப் பிடித்தபடி கப்பற் சிறுவர்கள் வடத்தோடு கூடவே நடந்துவந்து, வடம் கீழே இறங்கும் வாய் வந்ததும் கட்டை அவிழ்த்துக்கொண்டு, அடுத்த கட்டுக்காக மறுபடி அணியத்துக்கு ஓடுவார்கள். வெளிச்சமற்ற தாழ்ந்த தளம். பலகைகளில் வழியும் கடல்நீர். வடத்தோடு ஏறிவந்த அடிச்சேற்றின் துர்க்கந்தம். இவற்றினிடையே குனிந்தபடி முன்னும் பின்னும் ஓடிய அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது, கடற்படைகளின் வெற்றிகளைப் பாடும் சரித்திரம் அவர்களுக்கும் ஓரிடம் கொடுத்திருக்கலாகாதா என்று என் மனம் ஏங்குகிறது. வியாபாரக் கப்பல்களில் ஒருவன் பாட்டெடுக்க மற்றவர்கள் அடியெடுத்து வைத்துத் தள்ளுவார்கள். ஆங்கிலக் கடற்படையில் வேலைப் பாட்டுக்கு இடமில்லை. பிடில்காரன் வாசிக்க, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கேப்ஸ்டன் இழுத்ததேயன்றித் தாங்கியதில்லை. கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது வடத்தின் பாரம் முழுவதும், கப்பலின் எலும்புக்கூட்டோடு பிணைந்து நின்ற தடித்த கட்டுத்தறிகளின்மேல் இருந்தது. புயலில் கப்பல் எகிறி விழும் ஒவ்வொரு முறையும் வடத்தில் தாக்கும் அதிர்ச்சி, மனிதர் தள்ளும் பலத்தைப் போல் எத்தனையோ மடங்கு. அதைச் சுழலும் யந்திரம் எதன்மேலும் சுமத்தலாகாது என்ற விதியை, எழுத்தறியாத மாலுமியும் அறிந்திருந்தான். பின்னால் இரும்பும் நீராவியும் மின்சாரமும் வந்தபோது எல்லாம் மாறியது. இந்த விதி மட்டும் மாறவில்லை. இதை மறந்த இடங்களிலெல்லாம் யந்திரம் உடைந்திருக்கிறது.

சணல் வடத்தின் குறைகள் பல. ஈரத்தோடு மடித்து வைத்தால் உளுத்துப்போகும். பாறையில் உராய்ந்தால் நைந்துபோகும். 1768 ஏப்ரலில் தாஹித்தித் தீவில் தங்கிய பிரெஞ்சுக்காரரான பூகன்வில், பவளப்பாறைகள் வடங்களை அறுத்துவிட்டபடியால் ஒன்பது நாட்களில் ஆறு நங்கூரங்களை இழந்தார். ஆனால் சணலுக்கு ஒரு பெருங்குணமும் இருந்தது: ஆபத்தில் கோடரியால் வெட்டிவிடலாம். சோழமண்டலக் கரை இதை நன்கு அறியும். துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் எதிரே கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டியிருந்தது. சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே 1746 அக்டோபரில் அங்கே வீசிய புயலில் தம் கப்பல்கள் பலவற்றை இழந்தார். 1761 ஜனவரி முதல் தேதி, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் தாக்கியபோது, தளபதி ஸ்டீவன்ஸ் வடத்தை வெட்டிவிட்டு நடுக்கடலுக்கு ஓடிப் பிழைத்தார். 'சண்டர்லண்ட்' முதலிய கப்பல்கள் மூழ்கின, வேறு சில கரையில் மோதி உடைந்தன. அந்தப் புயலில் காலத்தில் விழுந்த ஒரு கோடரி வெட்டு நூற்றுக்கணக்கான உயிர்களின் விலை.

இரும்புச் சங்கிலியை இந்த வேலைக்குத் தகுதியாக்கிய பெருமை, ஆங்கிலக் கடற்படை அதிகாரியான சாமுவேல் பிரவுனைச் சேரும். பின்னாளில் தொங்குபாலங்கள் கட்டிப் புகழ்பெற்ற அவர், 1808-இல் சங்கிலிக்கு உரிமைப் பட்டயம் பெற்று, 'பெனலொப்பி' என்ற கப்பலில் அதைப் பூட்டி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்து அதன் உறுதியை நிரூபித்தார். 1813-இல் தாமஸ் பிரண்டன் என்பவர், ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே குறுக்குக்கட்டை ஒன்றை வைத்து, கண்ணி நசுங்காமலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமலும் இருக்க வழி கண்டார். சங்கிலி வந்ததும் வடத்தைச் சுற்றிய உலகம் முழுவதும் மாறத் தொடங்கிற்று. வழவழப்பான மரவுருளைக்குச் சங்கிலியின்மேல் பிடிப்பில்லை. ஆகவே கண்ணிகள் பொருந்தி உட்காரும்படி பள்ளங்கள் வெட்டிய இரும்புச் சக்கரம் பிறந்தது. துணைவடமும், அதன் பின்னே ஓடிய சிறுவர்களும் காலக்கிரமத்தில் மறைந்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாயிருந்தாலும் கப்பல் பறிபோகும் என்பதால், சங்கிலிகளையும் நங்கூரங்களையும் சோதித்தே விற்க வேண்டும் என்று 1864-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில், கடலையே காணாத நெதர்ட்டன் என்னும் ஊர், உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் நங்கூரம் அடித்துக் கொடுத்தது. 'டைட்டானிக்'கின் 15 டன்னுக்கு மேற்பட்ட நடு நங்கூரம் 1911-இல் அங்கிருந்து இருபது குதிரைகள் பூட்டிய வண்டியில் ரயிலடிக்குப் போயிற்று.

நீராவி வந்தபின் பெருங்கப்பல்களின் கதை சுருக்கமாகவே முடிகிறது: நூறு மனிதரின் வேலையை ஒரு நெம்புகோல் செய்தது. அப்போதும் சங்கிலியைத் தாங்கப் பட்டைப் பிரேக்கும், கண்ணியைக் கவ்வும் இரும்புக் கொக்கிகளும் தனியே இருந்தன.

சிறு படகுகளின் கதைதான் நீளமானது. செல்வர்களின் யாட்டுகளில் கூலி மாலுமிகள் இருந்தவரை அவர்களுடைய தோள்களே யந்திரம். சொந்தக்காரரும் மனைவியுமாக இருவரே படகு ஓட்டும் வழக்கம் பரவியபோதுதான், ஒருவர் கையாலேயே நங்கூரத்தைத் தூக்க வேண்டிய அவசியம் உண்டாயிற்று. இதற்கு வந்த முதல் பெரிய உதவி யந்திரத்திலிருந்து வரவில்லை, நங்கூரத்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜின் பௌதிகப் பேராசிரியரும், 'ஃப்ராலிக்' என்ற தம் யாட்டில் 1927-இல் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள்வரை சென்றுவந்தவருமான ஜி. ஐ. டெய்லர், 1933-இல் கலப்பைக் கொழு வடிவான நங்கூரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் எடைக்கு மிஞ்சிய பிடி கொண்ட அந்த நங்கூரத்தால், தூக்க வேண்டிய பாரமே குறைந்துபோயிற்று. கிளாஸ்கோவின் சிம்ப்ஸன்-லாரன்ஸ் போன்ற கம்பெனிகள் முன்னும் பின்னும் ஆட்டும் கைப்பிடி வைத்த சிறு விண்ட்லஸ்களைச் செய்து விற்றன. அவை மெதுவானவை, ஆனால் நம்பத் தக்கவை. பழைய படகுகளில் அவற்றை இன்றும் காணலாம்.

மோட்டார் யாட்டு பெருத்து, அதன் உயர்ந்த பக்கங்களும் மேல்தளமும் காற்றை வாங்கத் தொடங்கியதும், கையால் ஆட்டும் யந்திரம் போதாமல் மின்சார யந்திரம் வந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது ஒரு நாள் வேலை என்று எண்ணுபவர்கள், சணலிலிருந்து சங்கிலிக்கு மாறிய காலத்தின் பாடத்தையே மறுபடி படிக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டிருப்பவை எல்லாம் மாற வேண்டும். 10 மில்லிமீட்டர் சங்கிலி என்று ஒரே பெயரில் விற்பவற்றுள், ஜெர்மன் அளவில் ஒரு கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீட்டர், சர்வதேச அளவில் 30. இந்த இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், கண்ணி சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் துள்ளி, சங்கிலி முழுவதும் கடகடவென்று கடலுக்குள் ஓடிவிட. 60 மீட்டர் நீளமுள்ள அத்தகைய சங்கிலியின் எடை 130 கிலோவுக்கு மேல். நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்த முழு எடையைப் போல் மும்மடங்கு இழுவிசை உள்ள யந்திரமே வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. ஆயிரம் வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தைக் குடிக்கும். பாட்டரி பின்புறத்திலும் யந்திரம் அணியத்திலும் இருப்பதால், போகவர நீளும் கம்பி மெல்லியதாயிருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே தேய்ந்து, மோட்டார் முனகிக்கொண்டு சூடேறும். 24 வோல்ட் அமைப்பில் அந்த மின்னோட்டம் பாதியாகிவிடும்.

படுக்கை அச்சு, நிமிர்ந்த அச்சு என்ற பழைய பேதம் இங்கும் தொடர்கிறது. நிமிர்ந்த அச்சில் சங்கிலி சக்கரத்தை ஏறக்குறையப் பாதி வட்டம் தழுவுகிறது. ஆகவே பிடி அதிகம், மோட்டாரும் தளத்துக்குக் கீழே உப்புநீர் படாமல் இருக்கும். படுக்கை அச்சிலோ கால் வட்டமே தழுவும். ஆனால் கீழே இடம் குறைந்த படகுக்கு அதுவே பொருந்தும். எதுவானாலும், விழும் சங்கிலி கோபுரம்போல் குவிந்து வாயை அடைத்துக்கொள்ளாதபடி கிடங்கில் போதிய ஆழம் வேண்டும். தளத்தின் அடியில் தடித்த பலகை வைத்து முடுக்க வேண்டும். சங்கிலியின் கடைசி முனையைத் தளம்வரை எட்டும் கயிற்றால் கிடங்கில் கட்டி வைப்பது மிக முக்கியம். ஆபத்தில் அந்தக் கயிற்றை அறுக்க, ஸ்டீவன்ஸின் கோடரிக்குப் பதிலாக ஒரு கத்தி போதும்.

உபயோகிக்கும் முறையிலும் பழைய விதியே ஆட்சி செய்கிறது. படகை நங்கூரத்தை நோக்கி இழுக்கும் வேலை விண்ட்லஸினுடையதன்று. எஞ்சினை மெதுவாக ஓட்டி முன்னேறி, தளர்ந்த சங்கிலியை மட்டும் அது உள்ளே எடுக்க வேண்டும். நங்கூரம் மண்ணை விடாவிட்டால் சங்கிலியைக் கொக்கியில் மாட்டி யந்திரத்தை விடுவித்து, எஞ்சினாலேயே பிடுங்க வேண்டும். இரவு தங்கும்போது நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் கோத்து அணியத்தின் கட்டுத்தறிகளில் கட்டி, அலையின் அதிர்ச்சியை அந்தக் கயிறு வாங்கிக்கொள்ளும்படி விட வேண்டும்.

மின்சாரம் நின்றுபோகும் நாளுக்காக, புதிய யந்திரங்கள் பலவற்றிலும் கைப்பிடி செருகும் துளை ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே அந்தக் கைப்பிடியைச் செருகி, அணியத்துக் கம்பிவேலியில் இடிக்காமல் அது முழுவீச்சும் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; பூட்டிய பிறகு அந்த இடத்தை மாற்றுவது எளிதன்று.