தரையிறங்கு படகும் முதல் அணியின் கணக்கும்: பிரிட்டிஷ் கடற்படை, 1757–1801

1757 செப்டம்பர் 28 இரவு, பிரான்சின் மேற்குக் கரையில் ரோஷ்ஃபோர் துறையைத் தாக்க வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் கப்பல்களிலிருந்து படகுகளில் இறங்கி அமர்ந்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். காற்றோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. விடிவதற்குள் கரை சேர முடியாது என்று கடற்படை அதிகாரிகள் சொல்ல, எல்லோரும் கப்பலுக்கே ஏறினார்கள். தரைப்படைத் தளபதி ஜான் மார்டன்ட் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டனில் தரையிறக்கத்துக்கென்று தனிப் படகுகள் கட்டப்பட்டன.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் இணைத்து, தோல்வி ஒரு கண்டுபிடிப்பை ஈன்றது என்று எழுதுவது எளிது. அப்படிச் சொன்னால் பாதியே விளங்கும். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பழகிய பொருள். 1758இல் அது புதிதாகப் பிறக்கவில்லை. ஒரே அளவுப் படகுகளைத் திரளாகக் கட்டி, அவற்றைக் கொண்டு முதல் அணியில் எத்தனை பேர் கரையேறுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்ததுதான் புதுமை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அதற்கு முன் இருந்த நிலையைப் பார்க்க வேண்டும். தரையிறக்கத்துக்குப் போர்க்கப்பல்களின் சொந்தப் படகுகளே உதவின. அவை நங்கூரம் தூக்கவும் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றவும் கட்டப்பட்டவை. ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒன்றில் இருபது பேர் ஏறினால் இன்னொன்றில் நாற்பது பேர். ஒரு ரெஜிமென்ட் பல படகுகளில் சிதறிப் போய், கரையில் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அடிமரம் ஆழமாக இறங்கியிருந்ததால் கரைக்கு எட்டத்திலேயே படகு தட்டிவிடும். அதைவிடக் கொடியது இடைவெளி: முதல் அணியை இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிவரும்வரை அந்தச் சிறு கூட்டம் எதிரியின் முன் தனித்து நிற்கும். ரோஷ்ஃபோரில் அச்சுறுத்தியது இதுவே.

1758இன் படகு இரண்டு அளவுகளில் வந்தது: 36 அடி நீளத்தில் 20 துடுப்புகள், 30 அடி நீளத்தில் 16 துடுப்புகள். ஆட்களோடு மிதக்கும்போது அதற்குச் சுமார் 2 அடி நீர் போதும். துடுப்பு வலிப்பவர்கள் இரு பக்கமும், வீரர்கள் நடுவிலும் நெருங்கி அமர்ந்தார்கள். ஒரு படகுக்கு 40 முதல் 60 பேர், ஏறத்தாழ ஒரு கம்பெனியின் பாதி. கரையை நெருங்கும்போது பின்புறத்திலிருந்து சிறு நங்கூரத்தை எறிந்து கயிற்றை விட்டுக்கொண்டே போவார்கள். வீரர்கள் அணியத்தின் வழியே குதித்ததும், அதே கயிற்றைப் பிடித்து இழுத்தால் படகு திரும்பாமலே கடலுக்குப் பின்வாங்கும். எனக்கு இதில் பலகையைவிட அந்தக் கயிறே முக்கியம்: அடுத்த அணி எவ்வளவு விரைவில் வரும் என்பது அதைச் சார்ந்தது.

அதே காலத்தில் சென்னைக் கரையில் வேறொரு விடை இருந்தது. துறைமுகமில்லாத அந்தக் கரையில் ஐரோப்பியக் கப்பல்களின் ஆட்களும் சரக்கும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகிலேயே கரை சேர்ந்தன. அலை அடிக்கும்போது வளைந்துகொடுப்பது அதன் பலம். அந்தப் படகு அலையை வென்றது. பிரிட்டனின் படகு எண்ணிக்கைச் சிக்கலை வென்றது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துத் தரம் பார்ப்பது தவறு.

படகின் வடிவமே வெற்றியைத் தந்தது என்று சொல்வோருக்கு 1758 ஜூன் 8 தடையாக நிற்கிறது. கனடாவின் லூயிஸ்பர்க் அருகே, கரையில் அலை மோதி உடைய, பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் வுல்ஃபின் படை பெரும்பாலும் வழக்கமான கப்பல் படகுகளிலேயே இறங்கி வென்றது. மறுபுறம், 1759 ஜூலை 31 அன்று கியூபெக்குக்கு அருகே மான்ட்மரென்சியில் புதிய படகுகளும் நீரடித் திட்டில் தட்டி நின்றன. பல மணி நேரம் வீணாகி, தாக்குதல் முறிந்தது. தட்டையடி இருந்தும் தரை தெரியாவிட்டால் பயனில்லை.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 13 விடியலுக்கு முன், கியூபெக்கை ஒட்டிய ஆற்றில் என்ன நடந்தது? வற்று நீரோட்டத்தோடு இறங்கிவந்த படகுகளைக் கேப்டன் ஜேம்ஸ் சாட்ஸ் நடத்தினார். சுமார் 1,700 பேர் ஃபூலோன் துறையில் முதல் அணியாக இறங்கினர். படகுகள் திரும்பிப் போய் அடுத்தவர்களை ஏற்றிவந்தன. காலையில் 4,000-க்கும் மேற்பட்டோர் மேட்டுநிலத்தில் அணிவகுத்து நின்றார்கள். அன்று கியூபெக்கில் கிடைத்த வெற்றியை வுல்ஃபின் துணிச்சலுக்கே உரியதாக்கும் நூல்கள், இந்த இரண்டாம் நடையைப் போதுமான அளவு கவனிப்பதில்லை.

படகு தீர்க்காத ஒன்றும் உண்டு. 1758 செப்டம்பர் 11, பிரிட்டனி கரையின் சான்-காஸ்தில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை படகேறும்போது பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்தது. பின்காவலாக நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். ஏறும் கணக்கு இறங்கும் கணக்கின் மறுபக்கம்: ஒவ்வொரு நடைக்கும் கரையில் எஞ்சுவோர் குறைவார்கள், கடைசி நடைக்குக் காத்திருப்பவர்களைக் காக்க எவரும் மிஞ்சமாட்டார்கள்.

சான்-காஸ்த் படகுகளுக்குத் தலைமை தாங்கிய ரிச்சர்ட் ஹாவ், 1776இல் அட்மிரலாக நியூயார்க்கில் இருந்தார். ஆகஸ்ட் 22 அன்று லாங் ஐலண்டின் கிரேவ்சென்ட் வளைகுடாவில் 75 தட்டையடிப் படகுகள் இயங்கின. முதல் அணியில் 4,000 பேர். நண்பகலுக்குள் 15,000 பேர். 1801 மார்ச் 8 அன்று எகிப்தின் அபூகீரில் அலெக்சாண்டர் காக்ரேன் நடத்திய 58 தட்டையடிப் படகுகள், படகுக்குச் சுமார் 50 பேரை ஏற்றிக்கொண்டு, பிரெஞ்சுப் பீரங்கிகளை நோக்கி வரிசை குலையாமல் வலித்துச் சென்றன. நாற்பது ஆண்டுகளில் படகு பெரிதாக மாறவில்லை; வரிசை குலையாமல் சென்றதற்குப் பயிற்சியும் காரணம். அபூகீருக்கு முன் அந்தப் படை துருக்கியின் மர்மாரிஸ் வளைகுடாவில் வாரக்கணக்கில் படகேறி, வரிசைகட்டி, இறங்கிப் பழகியிருந்தது.