உரைகல் சொல்லாதது: பொன்னின் பிறப்பிடம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஈசூனில் வசிக்கும் நம் மாணவியொருவர் தம் குடும்ப நகைகளைப் பற்றிச் சிறு ஆய்வேடு ஒன்றை அளித்திருந்தார். குடியாத்தத்திலிருந்து அவருடைய பாட்டியார் கொண்டுவந்த காசுமாலையின் எடை, மாற்று, காசுகளின் எண்ணிக்கை, அது கைமாறிய வரலாறு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. அப்பொன் எங்கே, யாரால் தோண்டியெடுக்கப்பட்டது என்று வினவியபோது அவரிடம் விடையில்லை. நம்மிடமும் இல்லை. நகைத்தொழிலில் அறம் என்பது இன்று பெரிதும் பேசப்படும் பொருளாகிவிட்டது. ஆயின் தமிழர்தம் பொன் மரபு இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. அதனையே இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

நம் மரபில் பொருளின் பிறப்பிடம் அறியப்படாத ஒன்றன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த மணியும் பொன்னும் வடமலையில் பிறந்தவை எனப் பட்டினப்பாலை கூறும். எனினும் அங்குப் பிறப்பிடம் சரக்கின் பெருமையைக் காட்டவே சுட்டப்படுகின்றது. தோண்டிய கைகள் பாட்டில் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985-1014) அளித்த அணிகலன்களை அவை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. நூலை நீக்கிய எடை, அரக்கையும் சேர்த்த எடை, மாணிக்கத்தின் குற்றங்கள், முத்தின் வகைகள் எனக் கணக்கர் எதனையும் விட்டாரில்லை. இன்றைய நகைக்கடைச் சீட்டு எதுவும் இந்நுணுக்கத்திற்கு ஈடாகாது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, சில அணிகலன்களின் தோற்றுவாயையும் அக்கல்வெட்டுகள் மறைக்கவில்லை என்பதே. சேரனையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட கருவூலத்திலிருந்து அவை செய்யப்பட்டன என வெளிப்படையாகவே பொறித்துள்ளன. கொள்ளைப்பொருள் என்பது அங்குக் குற்றமன்று, புகழ். ஆகவே தோற்றுவாயை அறிவிப்பதாலேயே அறம் நிறைவேறிவிடும் என்று கருதுவதற்கில்லை.

பொன்னைத் தோண்டுவோரே தமிழராயிருந்த ஓர் இடம் உண்டு. அது கோலார் தங்கவயல். பழங்காலந்தொட்டே பொன் எடுக்கப்பட்ட அந்நிலத்தில் 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் பெருஞ்சுரங்கங்களை அமைத்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, தமிழரே அங்கு நிலத்தடியில் உழைத்தனர். குடியாத்தப் பகுதி அதற்கு மிக அண்மையில் உள்ளது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்திற்கு வந்தது. தொழிலாளர் வாழ்ந்தவையோ தட்டிக் குடிசைகள். சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டிற்று. பாறைவெடிப்புகள் பல உயிர்களைக் கொண்டன. பாறைத்தூள் நுரையீரலில் படியும் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றி 1940-களில் அங்கு நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருள் நாற்பது விழுக்காட்டினருக்கும் மேல் அந்நோய் காணப்பட்டது.

பொன் களவு போகாதிருக்க நிருவாகம் எடுத்த நடவடிக்கைகள் தனிக் கட்டுரைக்குரியன. தொழிலாளர் அனைவரும் விரல்ரேகையைப் பதிய வேண்டும் என்று 1930-இல் ஆணை வந்தபோது அவர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தோண்டியவரைப் பற்றி இத்தனை பதிவுகள் நாடப்பட்டன. தோண்டப்பட்ட பொன்னோ உருக்கியபின் எந்த அடையாளமுமின்றி உலகச் சந்தையில் கலந்தது. சுமார் 800 டன் பொன்னைத் தந்தபின் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள் ஊரருகே எஞ்சின. நம் மாணவியின் காசுமாலையில் கோலார்ப் பொன் உண்டா? எந்த உரைகல்லும் இதற்கு விடை தராது. அது மாற்றை மட்டுமே சொல்லும்.

இக்கால விதிகளும் இவ்விடைவெளியை முற்றாக அடைக்கவில்லை. 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு பட்டை தீட்டாத வைரத்தை மட்டுமே கருதுகிறது. கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் போவதைத் தடுப்பதே அதன் நோக்கம். தோண்டுவோரின் கூலியும் நுரையீரலும் அதன் வரம்பில் இல்லை. மாணிக்கத்திற்கும் நீலத்திற்கும் அத்தகைய ஏற்பாடே கிடையாது. சிங்கப்பூரில் 2019-இல் நடைமுறைக்கு வந்த அருங்கற்கள், விலையுயர்ந்த உலோகங்கள் குறித்த சட்டம் பணமோசடியையும் பயங்கரவாத நிதியையும் தடுப்பதற்கானது. 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வாடிக்கையாளர் யார் என்று வணிகர் அறிந்தாக வேண்டும். பொன்னைத் தோண்டியவர் யார் என்று அச்சட்டம் கேட்பதில்லை. சிறு சுரங்கங்களில் பொன்னைப் பிரிக்கப் பயன்படும் பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இவற்றினும் ஆழமானது எனலாம்.

இந்நிலையில் பழம்பொன்னை அழித்துப் புதிது செய்யும் நம் வழக்கத்தை அறவழி எனப் போற்றுவோர் உளர். புதிதாக மண் அகழப்படுவதில்லை என்ற அளவில் அது மெய்யே. ஆயினும் உருக்குதல் பழியைப் போக்குவதில்லை, சான்றைத்தான் போக்குகின்றது. மேலும், கடையில் மாற்றிக்கொள்ளும் பழம்பொன் பிற பொன்னோடு சேர்ந்து உருகிவிடுவதால், வாடிக்கையாளர் பெறுவது அவருடைய பொன்னே என்பதற்கும் உறுதியில்லை.

மாணவி தம் திருமணத்திற்காகக் காசுமாலையை வளையலாக்க விரும்பியபோது லிட்டில் இந்தியாவில் ஒரு பட்டறைக்கு நாமும் உடன் சென்றோம். வேறு பொன் கலவாமல் தம் கண்முன்னேயே உருக்கித் தரவேண்டும் என்று அவர் கேட்டார். முதிய பத்தர் சற்றுத் தயங்கி, “சேதாரம் கொஞ்சம் கூடும் அம்மா, பரவாயில்லையா?” என்றார். மாணவி இசைந்தார். உருக்குவதற்கு முன் ஒரு காசை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.