ஆள் இல்லாத வண்டி தீயை அணைக்காது

ஆபத்து நேரும்போது நாம் அனைவரும் கேட்கும் முதல் கேள்வி, வண்டி புறப்பட்டுவிட்டதா என்பதுதான். அந்த வண்டியில் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்கள் எத்தனை மணி நேரமாகக் கண் விழித்திருக்கிறார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை. ஆயினும், தீயணைப்புப் பணியின் வரலாற்றையும் அவசர ஊர்திகளின் வரலாற்றையும் படித்துப் பார்த்தால், ஊர்களைக் காப்பதில் கருவிகளுக்கு உள்ள பங்கைவிட ஆட்களின் எண்ணிக்கைக்கு உள்ள பங்கு பெரிது என்பது விளங்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரைந்து வளர்ந்துவரும் சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் குடும்பங்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

இஸ்தான்புல் கற்ற பாடம்

உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல், மர வீடுகள் நெருங்கி நின்ற நகரம். ஒரு வீட்டில் பற்றிய தீ ஒரே இரவில் பல மஹல்லாக்களை விழுங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்ஸிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவர், கையால் இயக்கும் நீர்ப்பம்பு ஒன்றை அங்கே உருவாக்கினார். துருக்கி மொழியில் அதற்குத் துலும்பா என்று பெயர். அதன் பயனைக் கண்ட அரசு, 1720இல் அதை இயக்குவதற்கென்றே ஓர் அணியை ஜானிஸரிப் படையின் கீழ் அமைத்தது. அவர்கள் துலும்பாஜிகள் என அழைக்கப்பட்டனர். நூறாண்டுகளுக்கு மேலாக நகரத்தின் காவல் அவர்கள் கையில் இருந்தது.

1826 ஜூன் மாதத்தில், அடிக்கடி கலகம் விளைத்துவந்த ஜானிஸரிப் படையைச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் கலைத்தார். அதற்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன. ஆனால், அந்தப் படையோடு சேர்ந்து துலும்பாஜிகளும் கலைக்கப்பட்டார்கள். இரண்டு மாதங்கள் முடிவதற்குள், ஆகஸ்டில், ஹோஜாபாஷா பகுதியில் மூண்ட பெருந்தீ நகரின் பல பகுதிகளைச் சாம்பலாக்கியது. தீயோடு போராடிப் பழகிய அணி அப்போது நகரத்தில் இல்லை. அதன் பிறகே அரசு அவசர அவசரமாகப் புதிய தீயணைப்பாளர்களைத் திரட்டியது.

பழகிய ஆட்களை ஒரே ஆணையால் அனுப்பிவிட முடிகிறது. அவர்களுக்கு ஈடானவர்களை மீண்டும் உருவாக்க ஆண்டுகள் பல தேவைப்படுகின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இஸ்தான்புல் கற்ற பாடம் இதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று, பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் தீப்பற்றியது. பருத்திப் பொதிகளும், ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அதில் இருந்தன. தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் வெடிப்பில் உயிரிழந்தனர். பயிற்சி பெற்ற 66 பேரை அந்த மாநகரம் ஒரே பிற்பகலில் இழந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படும் தீத்தொண்டு வாரம் அவர்களின் நினைவாகவே நடைபெறுகிறது.

சென்னை முதல் ஆவடி வரை

சென்னை நகரில் தீயணைப்புப் பணி முறையாகத் தொடங்கப்பட்டது 1908இல். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. 1985இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மீட்புப் பணிகளும் சேர்ந்து, இன்று அது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என அறியப்படுகிறது. பெயரில் சேர்ந்த இந்தச் சொல் வெறும் அலங்காரம் அன்று. கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, சாலையில் சாய்ந்த மரத்தை அகற்றுவது, வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் மீட்பது என அனைத்தும் இப்போது அதே வீரர்களின் தலையில்தான். தீ பற்றாத நாள் இருக்கலாம். அழைப்பு வராத நாள் இராது.

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் தீயணைப்பையும் ஒன்றாக வைத்தது. எனினும் தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறையாகவே தொடர்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பயிற்சி, ஒரே ஒழுங்கு என்பது இதில் உள்ள நன்மை. ஆனால், ஒரு நகராட்சியின் மக்கள்தொகை இரட்டிப்பானாலும், அந்த ஊர் நிலையத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை அந்த நகராட்சியால் முடிவு செய்ய இயலாது. பணியிடங்களுக்கு ஒப்புதல் தருவதும் ஆள் எடுப்பதும் மாநில அரசின் பொறுப்பு.

இனி நம் பகுதியைப் பார்ப்போம். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த ஊர்கள் இவை. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் பீரங்கி வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, நாட்டின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது.

தொழிற்சாலைகளைத் தொடர்ந்து கல்லூரிகள் வந்தன. போரூரில் இராமச்சந்திரா, ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லி சாலையில் பனிமலர், சவீதா என இந்த வட்டாரம் இன்று மாணவர்களின் ஊராகவும் ஆகிவிட்டது. விடுதிகள், வாடகை அறைகள், உணவகங்கள், இருசக்கர வாகனங்கள் என எல்லாமே பெருகிவிட்டன. இந்நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011இல். அப்போது ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.45 இலட்சம், பூந்தமல்லியினுடையது 57 ஆயிரம். அதற்குப் பின் எழுந்த விடுதிகளில் தங்கியிருப்போரும், காலையில் வந்து மாலையில் திரும்பும் மாணவர்களும் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் தீக்கும் விபத்துக்கும் அவர்களும் நம்மைப் போன்றவர்களே.

மூன்று இலட்சம் பேர் வரை ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு தீயணைப்பு வண்டி, அதற்கு மேல் ஒவ்வோர் இலட்சத்துக்கும் மேலும் ஒன்று என்பது நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். இதன்படி, 2011ஆம் ஆண்டின் பழைய எண்ணிக்கைக்கே ஆவடிக்கு ஆறு வண்டிகளுக்குக் குறையாமல் தேவை. வண்டிகளை எண்ணுவதோடு கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை.

ஓர் இருக்கைக்கு எத்தனை பேர்?

ஒரு தீயணைப்பு வண்டியில் ஓட்டுநர், அணித்தலைவர், வீரர்கள் என ஆறு பேர் செல்ல வேண்டும் என்று கொள்வோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் பணியாற்றினால், ஓர் இருக்கை எந்நேரமும் நிரம்பியிருக்க மூன்றரை பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு பேர். எனவே ஆறு இருக்கைகள் கொண்ட ஒரே ஒரு வண்டிக்கு 24 பேர் தேவை. அந்த 24 பேர் இல்லாத இடத்தில் நடப்பது இரண்டில் ஒன்று. ஆறு பேர் செல்ல வேண்டிய இடத்துக்கு நால்வர் செல்வார்கள். அல்லது அதே ஆறு பேர் ஓய்வின்றி மீண்டும் மீண்டும் செல்வார்கள்.

2012இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்த உண்மையை எண்களாகவே காட்டின. நாட்டின் தேவையோடு ஒப்பிட்டபோது, வண்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு பற்றாக்குறை என்றும், பணியாளர்களில் 96 விழுக்காட்டுக்கும் மேல் என்றும் அது குறிப்பிட்டது. வண்டிப் பற்றாக்குறையைவிட ஆள் பற்றாக்குறையே பெரிது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தீயணைப்புத் துறையை நவீனமாக்க ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆனால் மாதந்தோறும் ஊதியம் தரவேண்டிய பொறுப்பு மாநிலங்களுடையது. வண்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. ஆளை அமர்த்துவது முப்பது ஆண்டுச் செலவு. அரசுகள் முதலாவதை எளிதாகவும் இரண்டாவதைத் தயங்கியும் செய்வதன் காரணம் இதுவே.

அவசர ஊர்தியின் கதையும் இதுதான். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300க்கும் மேற்பட்ட ஊர்திகள் மாநிலம் முழுவதும் ஓடுகின்றன. ஒவ்வோர் ஊர்தியிலும் ஓர் ஓட்டுநர், ஒரு மருத்துவ உதவியாளர் என இருவரே. அவர்களுக்குப் பணி நேரம் 12 மணி. அதை எட்டு மணி நேரமாக்க வேண்டும் என்பது ஊழியர்களின் நெடுநாள் கோரிக்கை. 12 மணி நேர முறையில் ஓர் இருக்கைக்கு இரண்டு அல்லது மூன்று பேர் போதும்; எட்டு மணி நேர முறைக்கு மூன்றரை பேர் வேண்டும். அந்தக் கோரிக்கை நெடுங்காலமாக நிற்பதற்கான காரணம் இந்த எளிய கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிய ஒருவர், நெரிசல் மிகுந்த திருவள்ளூர் நெடுஞ்சாலையில் நம் தாயாரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரும் விபத்துகள் சொல்வது

2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். நம் தீயணைப்பு வீரர்களும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் இரவு பகலாக இடிபாடுகளைத் தோண்டினர். மூன்று நாட்களுக்குப் பிறகும் ஒருவர் உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்டார். இயந்திரம் மட்டும் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். இடிபாட்டுக்குள் மெல்லிய குரலைக் கேட்டறிந்து, பொறுமையோடு தோண்டிய மனிதர்களே அவரை மீட்டார்கள்.

2025 ஜூலை 13 அதிகாலையில், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் தடத்தில், திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு இரயிலின் 18 பெட்டிகள் எரிந்தன. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வண்டிகள் விரைந்தன. இத்தகைய நேரத்தில் ஒரு நிலையத்தின் வண்டி அங்கே சென்றுவிட்டால், அது காக்கும் ஊரில் அடுத்த அழைப்புக்குச் செல்ல எஞ்சியிருப்போர் யார் என்ற கேள்வி எழுகிறது. கூடுதல் ஆட்கள் தேவைப்படுவது இந்த இரண்டாவது அழைப்புக்காகத்தான்.

கிஃபாயா என்ற சொல்

மார்க்கச் சட்டத்தில் ஃபர்ளு கிஃபாயா என்றொரு கடமை உண்டு. ஜனாஸாத் தொழுகையை நாம் அனைவரும் அதற்கு எடுத்துக்காட்டாக அறிவோம். சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்கும். எவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளியாவர். மருத்துவம் போன்று சமூகத்துக்கு இன்றியமையாத துறைகளையும் மார்க்க அறிஞர்கள் இந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். கிஃபாயா என்ற சொல்லின் பொருளே 'போதுமானது' என்பதுதான். யாரோ சிலர் செய்கிறார்கள் என்பதால் மட்டும் கடமை நீங்கிவிடாது. செய்வோர் தேவைக்குப் போதுமானவர்களாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், தீயணைப்பு நிலையத்தின் காலிப் பணியிடம் அரசின் கோப்பில் உள்ள ஓர் எண் மட்டுமன்று. அது நம் அனைவர் கழுத்திலும் உள்ள ஒரு பொறுப்பு.

தமுமுக போன்ற அமைப்புகளும் பல ஊர் ஜமாஅத்துகளும் அவசர ஊர்திகளை இயக்கி இந்தக் கடமையில் ஒரு பங்கை நிறைவேற்றிவருகின்றன. சாதி சமயம் பாராமல் அவை ஆற்றும் பணி பாராட்டுக்குரியது. எனினும் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளரின் இடத்தை அவற்றால் முழுமையாக நிரப்ப இயலாது. நம் பிள்ளைகள் அந்தப் பணிகளுக்கே செல்ல வேண்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர்களோடு தீயணைப்பாளர்களையும் தேர்வு செய்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி, முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. செவிலியம் படித்தவர்களுக்கு 108 சேவையில் மருத்துவ உதவியாளர் பணி இருக்கிறது. பொறியியலையும் வெளிநாட்டு வேலையையும் மட்டுமே கனவு காணும் நம் வீடுகளில் இந்தப் பணிகளைப் பற்றியும் பேசப்பட வேண்டும்.

வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் விளக்கும் கேட்கும் நாம், நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் ஒப்புதல் பெற்ற இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்றும் கேட்கலாம். ஓர் உயிரை வாழவைப்பதன் மேன்மையை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அந்த உயிரை நோக்கி விரையும் வண்டியில் போதுமான ஆட்களும், அவர்களுக்குப் போதுமான ஓய்வும் இருக்க வேண்டும் என்று கோருவதும் அந்த நற்செயலில் ஒரு பங்கே. வல்ல அல்லாஹ் நம் ஊர்களையும், அவற்றைக் காக்கும் கரங்களையும் பாதுகாப்பானாக.