மிதிவண்டியிலிருந்து இறங்கியவர்களும் சாலை வட்டமும்



1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் ‘கூலி உயர்வுப் போராட்டம்’ என்ற ஒற்றைத் தொடரில் அடக்கிவிடுகிறோம். ஆர்.எச்.நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகள் அதனினும் விரிவானவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் ஆகியவற்றோடு மற்றொன்றும் அப்பட்டியலில் இருந்தது. துரையோ தோட்டத்து அலுவலரோ எதிரில் வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது!

கல்விக்கும் மருத்துவத்துக்கும் நடுவே மிதிவண்டிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால், சாலையில் யார் செல்வது, யார் ஒதுங்குவது என்பது அன்று ஆளின் தகுதியைப் பொறுத்த செய்தியாக இருந்தது. செம்மண் சாலையில் கார் வந்தால் அது துரையின் கார். நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் ஓரத்துக்குப் போய்விட வேண்டியதுதான். அந்த மரியாதையைத் தர மறுத்தவர்கள் கொடுத்த விலை பெரிது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கிள்ளான் சிலாங்கூரில் உள்ளது. நான் எழுதுவதோ பேராக்கிலிருந்து. எனினும் சுங்கை சிப்புட், பீடோர், தஞ்சோங் மாலிம் எனத் தோட்டங்கள் நிறைந்திருந்த நம் மாநிலத்திலும் லயத்து முதியவர்களைக் கேட்டால் இதே கதையைத்தான் சொல்வார்கள். அந்தச் சாலைப் பழக்கம் தோட்டத்தோடு முடிந்துவிட்டதா என்னும் கேள்வி, ஈப்போவில் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு சாலை வட்டத்தின் அருகில் நிற்கும்போதெல்லாம் எனக்குள் எழுவதுண்டு.

நம் பேச்சில் ரவுண்டபவுட், பலகையில் புலாத்தான், தமிழ்நாட்டில் ரவுண்டானா. பெயர்கள் பலவாயினும் அமைப்பு ஒன்றே. இதன் வரலாறு மிகப் பழையதன்று. நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் 1905ஆம் ஆண்டு வண்டிகளை ஒரே திசையில் சுற்றிவரச் செய்தார்கள். பாரிசின் வெற்றி வளைவைச் சுற்றிய வட்டம் இரண்டாண்டுகள் கழித்து அம்முறைக்கு வந்தது. ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பது எளிதாக முடிவாயிற்று. உள்ளே சுற்றுபவர் நிற்பதா, புதிதாக நுழைபவர் நிற்பதா என்பதில்தான் உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் தடுமாறியது.

நுழைபவருக்கே முன்னுரிமை என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் மேலும் மேலும் உள்ளே வரும். உள்ளே இருப்பவை வெளியேறும் வாயிலை எட்ட முடியாமல் நிற்கும். அவை நிற்பதால் அடுத்த வாயில் அடைபடும். சற்று நேரத்தில் வட்டம் முழுவதும் பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் இதைத்தான் கண்டார்கள். பிராங்க் பிளாக்மோர் என்ற பொறியியலாளரும் அவருடைய ஆய்வு நிலையத்தாரும் செய்த சோதனைகளை அடுத்து, 1966ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வட்டத்துள் நுழைபவர் தம் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அவ்விதி. இடப்பக்கமாக வண்டியோட்டும் நாடுகளில் வட்டத்துள் சுற்றிவருபவர் எப்போதும் நுழைபவரின் வலப்புறத்திலேயே தோன்றுவார். ஆகவே உள்ளே இருப்பவர் தடையின்றி வெளியேறுகிறார். வட்டமும் தானே காலியாகிக்கொண்டிருக்கிறது. (பாரிசின் அந்தப் பெரிய வட்டத்தில் இன்றும் உள்ளே இருப்பவரே நிற்க வேண்டும்! அங்கே கார் ஓட்டியவர்களைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள்.)

நம் நாட்டிலும் இன்று இதுவே விதி. இதை நான் வெறும் போக்குவரத்து விதியாகப் பார்க்கவில்லை. இவ்விதி வண்டியின் விலையைக் கேட்பதில்லை, ஓட்டுபவரின் பதவியையும் கேட்பதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய் என்று மட்டுமே கேட்கிறது. வலப்புறம் வருவது பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளாக இருப்பினும், நுழையக் காத்திருப்பது சொகுசுக் காராக இருப்பினும், நிற்க வேண்டியது கார்தான். 1941இல் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள் கேட்டதும் ஏறத்தாழ இதுதானே?

ஆனால் நடப்பது என்ன? காலை வேளையில் முன்னும் பின்னுமாக இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தந்தை வட்டத்துள் சுற்றி வருகிறார். இடப்பக்கச் சாலையிலிருந்து ஒரு பெரிய வாகனம் நிற்காமல் மூக்கை நுழைக்கிறது. உரிமை உடையவர் பிரேக்கை அழுத்துகிறார், கால் ஊன்றுகிறார், ஒதுங்குகிறார். ஒதுங்காமல் என்ன செய்வார்? பிள்ளைகள் இருக்கிறார்களே! மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை நாம் அறிவோம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரக்க குணத்தால் வட்டத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்தி, நுழையக் காத்திருப்பவரை ‘வாங்க, வாங்க’ என்று கைகாட்டி அழைப்பார்கள். பின்னால் வருபவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். விருந்தோம்பலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உள்தடத்தில் சுற்றிவந்து கடைசி நொடியில் குறுக்கே வெட்டி வெளியேறுவதும், வெளியேறும்முன் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போடாமல் இருப்பதும் அன்றாடக் காட்சிகள். விளக்குப் போடாதவரின் மனத்தை வாயிலில் நிற்பவர் எப்படி அறிவார்?

வட்டத்தில் கண்ட அதிகாரப் பழக்கம் நெடுஞ்சாலையில் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஈப்போவுக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் இடையிலான விரைவுச்சாலை 1987இல் திறக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறப்பு விழாக் கண்டது. பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் லோரியின் பின்னால் ஊர்ந்து சென்ற நமக்கு, மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற எல்லை புதிய உலகமாக இருந்தது. அந்த வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 30 மீட்டர் கடக்கிறது. முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு நொடி இடைவெளி என்றால் 60 மீட்டர். எத்தனை பேர் அவ்வளவு இடம் விடுகிறோம்? வலத்தடம் முந்துவதற்கு உரியது. அதில் மெதுவாகச் செல்வது தவறு. பின்னால் ஒட்டி வந்து விளக்கை அடித்து அடித்து முன்செல்பவரை விரட்டுவது அதைவிடப் பெரிய தவறு. துரை கார் வருகிறது, ஒதுங்கு என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவு, கனரக வண்டிகளுக்குத் தனிச் சோதனை. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ்க்கியரில் இறங்குவதே முறை. அச்சரிவின் அடியில் ஒரு காலத்தில் டோல் சாவடி இருந்தது. கட்டுப்பாடிழந்த லோரிகள் அதில் மோதிய விபத்துகள் நம்மூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும்.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் புக்கிட் காந்தாங் அருகே விரைவுப் பேருந்து விபத்தில் 22 பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், பேராக்கின் வடக்கே கிரிக்கை ஒட்டிய கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்தது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் உயிர்நீத்தனர். ஜூலை முதல் நாள் தொட்டு விரைவுப் பேருந்துப் பயணிகளுக்கு இருக்கை வார் கட்டாயமாயிற்று. ஆசிரியர்களை உருவாக்கும் பழம்பெரும் நிலையத்துப் பிள்ளைகள் அவர்கள். இதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் பெறலாம். ஆறாம் ஆண்டில் நம்மிடம் விடைபெறும் பிள்ளை, நான்கே ஆண்டுகளில் சாலைக்கு வந்துவிடுகிறான். ‘பெரி லாலுவான்’ என்று எழுதிய தலைகீழ் முக்கோணப் பலகையை அவன் நாள்தோறும் காண்கிறான். யாருக்கு, ஏன் வழி கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் பதியும். திடலில் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு பெரிய வட்டமும் நான்கு சாலைகளும் வரையுங்கள். மாணவர்களே வண்டிகள். கையை நீட்டுவதே சமிக்ஞை. ஆசிரியர்களும் ஓரிரு முறை சேர்ந்துகொள்ளலாம். அப்போது தலைமையாசிரியரே வாயிலில் வந்து நின்றாலும், வலப்புறம் சுற்றிவரும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை கடந்து சென்ற பிறகுதான் அவர் உள்ளே வர வேண்டும்.