குறியாக்கச் சிதைவு

குறியாக்கச் சிதைவு என்பது, ஒரு சொற்செயலியில் தட்டச்சிட்ட தமிழ் ஆவணம் மற்றொன்றில் ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகத் தோன்றும் பிழை. எழுத்துரு இல்லாததே காரணம் என்பது பாதி உண்மையே. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ரோமன் குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தின. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளிக் குறியின் இடத்தில் இருக்கிறது. ஆவணத்தை ஒட்டும்போது எழுத்துரு நீங்கினால் அடியிலுள்ள குறிகளே வெளிப்படும். பழைய எழுத்துருவை நிறுவினால் போதாதா எனில், பார்வைக்குப் போதும். தேடலும் அகரவரிசையும் அப்போதும் சரியாக இயங்கா. ஆகவே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவதே உரிய தீர்வு. மாற்றியபின் கொம்பு உள்ள எழுத்துகளைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்: பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னும், ஒருங்குறியில் பின்னும் சேமிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.